கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில்

சேசு மரி சூசை துணை

கட்டுமாவடி,
14-7-1963

அன்புள்ள மாப்பிள்ளை இன்னாசிக்கு, மச்சான் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா அடைக்கலமேரியும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. உன் சுகத்துக்காவது குறைவு வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

நீ அமெரிக்காவிலிருந்து சாமியார் கையில் கொடுத்தனுப்பிய முப்பது குப்பியும் ஒன்றுகூட உடையாமல் போன மாதக் கடைசியில் வந்து சேர்ந்தன. திருச்சிக்கு நானே போய் வாங்கி, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தேன். அறந்தாங்கியில் பஸ் மாறும்போது ஒருவர் என்ன அப்பு, கோழிக்குஞ்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கிற மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜில் ஒரு தட்டை ஒழித்து அடுக்கியிருக்கிறேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது.

நீ கப்பலேறும்போது உன் அக்காவின் பாதத்தில் கடலைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்ததல்லவா? கருவமுள் குத்தியது, தானே வற்றிவிடும் என்றாள். ஊரார் பிரசவத்துக்கு வேளை பார்க்காமல் நாலு மைல், ஐந்து மைல் நடந்த மருத்துவச்சி, தன் காலுக்கு ஒரு நாள் ஒதுக்கவில்லை. நானும் கம்பவுண்டராக இருந்துகொண்டு களிம்பு தடவிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இப்போது குதிகாலிலிருந்து விரலடி வரை வீங்கி, ஆறு இடத்தில் கண் திறந்து, சீழோடு கடுகு கடுகாகக் கறுப்பு மணிகள் உதிர்கின்றன. அந்த மணிகள்தான் பூஞ்சை, அது எலும்புக்குள் இறங்குவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். வெட்டுக்கும் காலுக்கும் நடுவில் இப்போது உன் மருந்துதான் நிற்கிறது.

நீ தாளில் எழுதி அனுப்பியபடியே செய்கிறோம். குப்பியில் இருக்கும் மஞ்சள் பொடியைச் சுத்தநீர் விட்டுக் கரைத்து, குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து, வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றி, ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். காகிதம் அறந்தாங்கி போட்டோக்காரர் கொடுத்தது. வாரத்துக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் வேண்டாம், உடம்பு தாங்காது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. கலப்பது நான். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

ஐந்து பாட்டில் ஆயிற்று. ஐந்தும் ஐந்து யுத்தம். ஏற்றத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் நடுக்கம் பிடிக்கிறது. முதலில் தாடை ஆடும். அப்புறம் தோள். பிறகு கட்டிலே சுவரில் போய் இடிக்கும். நாலு கம்பளி போர்த்தி, ஆஸ்பத்திரி ஆயா செவந்தி கால் பக்கம் விழுந்து பிடித்துக்கொள்வாள், நான் ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொள்வேன். நடுக்கம் போனதும் காய்ச்சல். காய்ச்சல் போனதும் வேர்வை, குமட்டல், தலைவலி. மறுநாள் முழுக்க ஒரு வாய் கஞ்சி இறங்குவதில்லை. அதற்கு மறுநாள் கொஞ்சம் தெளிந்து உட்காருவாள். அதற்குள் அடுத்த பாட்டிலுக்கு நாள் வந்துவிடும்.

அவள் அழுவதில்லை, அது உனக்குத் தெரியும். போன தடவை நடுங்கி முடித்ததும் செவந்தியைப் பார்த்து, பிரசவ வலியில் கத்தின பொம்பளைகளையெல்லாம் நான் அதட்டியிருக்கேன், அந்தப் பாவம்தான் இது என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் முடியவில்லை மாப்பிள்ளை. பாட்டிலைக் கலக்கும்போதே என் கை கூசுகிறது. கட்டின மனைவியை வாரத்துக்கு இரண்டு முறை என் கையாலேயே இப்படி ஆட்டிவைப்பது என்ன பிழைப்பு?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மருந்து பூஞ்சையைத்தான் கொல்லும் என்றாய். அப்படியானால் உன் அக்கா உடம்பு ஏன் இந்த ஆட்டம் ஆட வேண்டும்? அது உள்ளே போய் என்னதான் செய்கிறது? நீ அங்கே அதைத்தானே ஆராய்ச்சி பண்ணுகிறாய். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஒன்பது வயதுப் பிள்ளையாக அக்கா சீலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கல்யாணத்தில் நின்றவன் நீ. உனக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தது நான். இப்போது நீ எனக்குச் சொல்லிக்கொடு.

வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் அவள் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள். உப்புக்காற்றில் தபாலாபீஸ் கோந்து நிற்பதில்லை என்று சோற்றுப்பருக்கை வைத்துத் தேய்ப்பது அவள் வேலை. அதனால் கொஞ்சம் அடக்கியே எழுதியிருக்கிறேன். மிச்சத்தை நீயே புரிந்துகொள்.

சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் மச்சான்
பிச்சைமுத்து


சேசு மரி சூசை துணை

கட்டுமாவடி,
1-9-1963

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது. இந்தத் தடவை நலம் என்றே எழுதுகிறேன். பேனா மறுக்கவில்லை.

உன் நீண்ட கடிதம் போன மாதம் முதல் தேதி கிடைத்தது. மூன்று முறை உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டாக்டரம்மாவும் வாங்கிப் படித்துவிட்டு, உங்க மச்சினர் பாடம் நல்லாச் சொல்றார் என்றார்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்.

உயிரணு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தோல் உண்டு, அந்தத் தோல் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது என்கிறாய். பூஞ்சையின் தோலில் ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. உன் மருந்து அதைத் தேடிப் போய்க் கவ்விக்கொண்டு தோலை ஓட்டையாக்குகிறது. உள்ளே இருக்கிற உப்பு கசிந்து போகிறது, பூஞ்சை சாகிறது. சாதாரணக் கிருமிகளின் தோலில் அந்தக் கொழுப்பு இல்லாததால் மருந்து அவற்றைச் சீண்டுவதில்லை. நம்முடைய தோலில் அதற்குப் பங்காளி முறையில் இன்னொரு கொழுப்பு இருக்கிறது. மருந்துக்கு இரண்டையும் முழுசாகப் பிரித்தறியத் தெரியவில்லை. பூஞ்சையை நாலு அடி அடித்தால் நம்மையும் ஒரு அடி அடிக்கிறது. அந்த ஓர் அடிதான் நடுக்கம், காய்ச்சல், சோர்வு எல்லாம்.

இதைக் கேட்டு உன் அக்கா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். மருந்தைக் குத்தம் சொல்லக்கூடாதாம். எதிரி வீடு தேடி வந்தவனுக்கு நம்ம வீடும் அதே மாதிரித்தானே தெரியும் என்கிறாள். என் தம்பி ஒக்காந்து அந்த ரெண்டு வீட்டுக்கும் அடையாளம் கண்டுபிடிக்கட்டும், அதுவரைக்கும் நான் நடுங்கிக்கிறேன் என்றாள். நீ அனுப்பும் கடிதங்களைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள்.

ஆனால் இனி அவள் நடுங்கத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பத்தாவது பாட்டிலோடு நடுக்கம் நின்றுவிட்டது. பதினொன்றாவது பாட்டிலிலிருந்து இன்றுவரை எட்டு பாட்டில். தாடைகூட ஆடவில்லை. கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. நடுவில் ஒரு வாரம் கெண்டைக்கால் சுண்டி இழுத்துத் துடித்தாள், அதுவும் இப்போது இல்லை. பாட்டில் ஏறும்போதே செவந்தியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து குறட்டை விட்டாள் மாப்பிள்ளை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று கேட்பாய். அது கம்பவுண்டர் பிச்சைமுத்துவின் கைப்பக்குவம். நீங்கள் அமெரிக்காவில் ஆயிரம் மெஷின் வைத்துப் பார்க்கிறீர்கள், பதினைந்து வருஷமாக மருந்து கலக்குகிறவன் கைக்கும் ஒரு யோசனை உண்டு. என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்வதாக இல்லை. நீ ஊருக்கு வரும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதுவரை அது என் தொழில் ரகசியமாக இருக்கட்டும். உனக்கு மட்டும்தான் ஆராய்ச்சி வருமா?

காலும் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆறு கண்ணில் இரண்டு மூடிவிட்டன. கறுப்பு மணி முன்னைப்போல் உதிர்வதில்லை. சோறு சாப்பிடுகிறாள். படகுக்காரர் ராக்கன் வாரத்துக்கு இரண்டு நாள் மீன் கொண்டுவந்து போடுகிறார், காசு வாங்க மாட்டேன் என்கிறார். அவர் மனைவி காத்தாயிக்கு டிசம்பரில் பிரசவம். முதல் இரண்டும் தவறிப்போயின. மூன்றாவதற்கு அடைக்கலமேரியம்மா வந்தால்தான் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உன் அக்காவும் நடந்தே வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். போன ஞாயிறு என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசல் வரை நடந்தாள். ஊர்ப் பெண்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர் கலக்கிக் கொடுத்ததுதான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

உன் கல்யாணப் பேச்சை அவள் எடுக்கச் சொல்கிறாள். நான் அடுத்த கடிதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் மச்சான்
பிச்சைமுத்து


சேசு மரி சூசை துணை

கட்டுமாவடி,
10-11-1963

மாப்பிள்ளை இன்னாசிக்கு,

நாலு நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். மழை விடவில்லை. படகுகளெல்லாம் மேலேறிக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, எழுத நேரம் இருக்கிறது. எழுதத்தான் தெரியவில்லை.

புண் மறுபடி கண் திறந்துவிட்டது என்று அக்டோபர் முதல் வாரம் உன் அக்காவுக்குக் காட்டாமல் நாலு வரி போட்டேன் அல்லவா, அதற்கு நீ எழுதிய பதில் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்தது. இந்த ஊர்ப் பூஞ்சை மருந்துக்கு மசியவில்லை என்று உன் நோட்டில் குறித்துவிட்டதாக எழுதியிருந்தாய். என் அக்காவுக்கே உதவாத மருந்தோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டினேனே மச்சான் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மருந்து தோற்கவில்லை, மாப்பிள்ளை. உன் மருந்து அவளுக்குப் போகவே இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதத்தில் உள்ளே இருக்கிற உப்பு கசிந்து போகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வாரம் அவளுக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, வேர்வை கொட்டியது. நம் பக்கத்தில் என்ன செய்வோம்? வலை இழுத்து வேர்த்து வருகிறவனுக்கு உப்புப் போட்ட கஞ்சிதானே கொடுப்போம். போன உப்பைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கஞ்சி அவளுக்கு இறங்கவில்லை. பாட்டிலோடு போகட்டும் என்று, வெறும் குளுக்கோஸுக்குப் பதிலாக நாங்களே காய்ச்சி வைக்கிற உப்புக் கலந்த குளுக்கோஸில் உன் மருந்தைக் கலந்தேன். குளுக்கோஸில் கல என்றாய், குளுக்கோஸில்தான் கலக்கிறேன், உப்பு கூடுதல்தானே என்று இருந்துவிட்டேன்.

கலந்த கொஞ்ச நேரத்தில் பாட்டில் கலங்கியது. மஞ்சளாகத் திரித்திரியாக மிதந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்ன பாடம், கலங்கிய பாட்டில் கவுண்டரைத் தாண்டக் கூடாது என்பது. பதினைந்து வருஷமாக அதை மீறியதில்லை. அவித்த பஞ்சை அவித்த புனலில் அடைத்து வடிகட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து இறங்கியது. பஞ்சில் மஞ்சள் தங்கியது. குப்பியில் இருந்த அழுக்கு என்று நினைத்து அந்தப் பஞ்சை எடுத்து வாளியில் போட்டேன். கறுப்புக் காகிதம் சுற்றினேன். சுற்றிய பிறகு உள்ளே என்ன நிறம் இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? டாக்டரம்மா வந்து சொட்டை மட்டும் எண்ணிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அவள் நடுங்கவில்லை. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அழுக்குதான் இத்தனை நாளும் நடுக்கம் கொடுத்தது, அதை நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பத்தொன்பது பாட்டில், மாப்பிள்ளை. முப்பதில் முதல் பத்து அவளுக்குப் போனது. அடுத்த பத்தொன்பதும் வாளிக்குப் போனது. ஒன்று மிச்சம் இருந்தது.

போன மாதக் கடைசியில் நல்ல தண்ணீர் வண்டி இரண்டு நாள் வரவில்லை. அவள் காலுக்குக் கட்டுகிற துணிகளை எடுத்துக்கொண்டு கடற்கரைக் கிணற்றில் அலசப் போனேன். அந்தத் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும், உப்பில் வாயில் வைக்க முடியாது. சோப்பைத் தேய்த்தேன். நுரைக்கவில்லை. திரிந்து வெள்ளை வெள்ளையாக மிதந்தது. சிறு வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு என்னவோ கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வெள்ளைத் திரியை மஞ்சளாகப் பார்த்தால் என் பாட்டில்.

வீட்டுக்கு வந்து அவள் தலையணை உறையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். ஆகஸ்டில் மூன்று முறை உரக்கப் படித்த அதே கடிதம். நாலாவது பக்கத்தில் இருக்கிறது. இந்த மருந்து கொழுப்போடு சேருகிற சாதி, தண்ணீரோடு ஒட்டாது, அதனால் பித்தத்திலிருந்து எடுத்த ஒரு சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள், அது சோப்பு போல மருந்தைத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். சோப்பு என்ற சொல்லையே எழுதியிருக்கிறாய். என் வாயாலேயே மூன்று முறை படித்திருக்கிறேன்.

மிச்சமிருந்த அந்தக் கடைசிக் குப்பியைக் கரைத்தேன். பாதியை வெறும் குளுக்கோஸில் விட்டேன். தெளிவான மஞ்சளாக அப்படியே நின்றது. பாதியை உப்புக் குளுக்கோஸில் விட்டேன். கலங்கித் திரிந்தது. வடிகட்டினேன். பஞ்சு மஞ்சள், தண்ணீர் வெறும் தண்ணீர். பத்து வாரம் என் பஞ்சுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது.

உனக்கு ஒரு கோபமான வரியும் எழுதி வைத்திருந்தேன். உப்பு சேர்க்காதே என்று தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று. அதையும் கிழித்துப் போட்டேன். செப்டம்பர் கடிதத்தில் தொழில் ரகசியம் என்று கர்வமாக எழுதினேனே, அந்த இடத்தில் என்ன செய்தேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் நீ மறுநாளே தந்தி அடித்திருப்பாய். அப்போது பன்னிரண்டு குப்பி கையில் இருந்தது. கால் வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கண் மூடியது என் கைப்பக்குவத்தால் இல்லை, அந்த முதல் பத்து பாட்டிலால். அவள் நடுங்கியதெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. காகிதத்தைப் பிரித்துப் பார்க்காதது என் தப்பும்தான் என்றார்கள். மருந்து முழுக்கச் சரியாகப் போயிருந்தாலும் இந்த நோயில் கால் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னது. எனக்கு அதில் ஆறுதல் இல்லை. தப்பியிருக்காது என்றும் யாராலும் சொல்ல முடியாதே.

இனி மருந்து வந்தாலும் பயனில்லை. தஞ்சாவூரில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை எலும்புக்குள் இறங்கிவிட்டது. இனித் தாமதித்தால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிந்திருக்கும்.

அவளுக்கு வெட்டப் போவது தெரியும். ஏன் என்பது தெரியாது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, மருந்து கேக்கலன்னு தம்பிக்கு எழுதாதீங்க, அவன் ஒடஞ்சு போவான், நல்லா ஆறிக்கிட்டு வருதுன்னு எழுதுங்க என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் உனக்காகப் பொய் சொல்லச் சொல்கிறாள், எனக்காக உண்மையை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் அந்த ரெண்டு மாசம் இவர் கைப்பக்குவத்துல எனக்கு வலியே தெரியல என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

காத்தாயிக்கு அடுத்த மாதம். போக முடியாது என்று உன் அக்கா சொல்லி அனுப்பினாள். ராக்கன் வந்து, தூக்கிட்டுப் போறோம் ஆத்தா, நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டுப் போறோம் என்று சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே போனார்.

உன் நோட்டில் எழுதியதை அடித்துவிடு. மருந்து மசியவில்லை என்பது பொய்க் கணக்கு. நம் ஊர்க் கால் உன் மருந்தில் பத்து பாட்டில்தான் பார்த்தது, அந்தப் பத்துக்கு இரண்டு கண் மூடியது. அதை எழுது. உன் பெரிய பேராசிரியர் கேட்டால் என் பெயரையும் என் தப்பையும் சேர்த்தே சொல். இன்னொரு ஊரில் இன்னொரு கம்பவுண்டர் இதைச் செய்யாமல் இருக்கட்டும். உப்பு கூடாது, வடிகட்டக் கூடாது என்று இனி யாருக்கு மருந்து அனுப்பினாலும் தாளின் தலையில் எழுதி அனுப்பு.

அவளிடம் வாய் திறந்து சொல்ல மூன்று முறை கட்டிலருகே போனேன். மூன்று முறையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஆகவே இப்படிச் செய்யப் போகிறேன். வழக்கம்போல இந்தக் கடிதத்தை ஒட்டச் சொல்லி அவள் கையில் கொடுக்கிறேன். அவள் படித்துவிட்டு ஒட்டட்டும். ஒட்டாமல் கிழித்தாலும் அது அவள் இஷ்டம். கிழித்தால் வேறு எழுதி நானே தபாலில் போடுவேன். நான் டிஸ்பென்சரிக்குப் போகிறேன். அவள் படித்து முடிக்கும் வரை எனக்கு வீட்டில் நிற்கத் திராணி இல்லை.

மன்னித்துக்கொள் என்று கேட்க வேண்டியது உன்னிடமா, அவளிடமா என்று தெரியவில்லை. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

பிச்சைமுத்து


தம்பி இன்னாசி, அக்கா எழுதுறேன்.

மச்சான் எழுதினதெல்லாம் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். ஒன்கிட்ட மறைக்க மாட்டேன், மனசு வலிச்சது. கால் வலியெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமில்ல. பெறவு சோத்துப் பானையிலேருந்து ஒரு பருக்க எடுத்து வந்து ஒக்காந்தேன். ஒட்டுறதுக்கு முன்னால நாலு வார்த்த எழுதிரலாம்னு தோணுச்சு.

அந்த ரெண்டு மாசமும் நான் நல்லாத் தூங்கினேன்டா தம்பி. மருந்து போகலைங்கிறது இப்பத்தான் தெரியுது, ஆனா தூங்கினது நெசந்தான். இவரு பக்கத்துல ஒக்காந்து என் கொறட்டையக் கேட்டதும் நெசந்தான். அத நான் திருப்பிக் குடுக்க முடியாது, அவருகிட்டேருந்து புடுங்கவும் முடியாது.

நீ படிப்ப விட்றாத. அந்த ரெண்டு வீட்டுக்கும் அடையாளம் கண்டுபிடி. கால் போனதுக்காக ஓடி வரவும் வேணாம். கட்டக்கால் வச்சு நடப்பாங்களாம், டாக்டரம்மா சொன்னாங்க. காத்தாயிக்கு வலி வந்தா கட்டிலோட போயாவது பாத்துக்குவேன்.

ஆனா ஒன் மச்சானுக்கு நீ தனியா ஒரு காயிதம் போடணும். பதினஞ்சு நாளா இந்த மனுசன் ஒரு இருமல் மருந்து கலந்தாக்கூட மூணு தடவ வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாரு. ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. பாட்டிலப் புடிக்கையில கை கிடுகிடுன்னு ஆடுது. ஏன்னு தெரியாம இருந்தேன், இப்பத் தெரிஞ்சிருச்சு. எங்கிட்ட நின்ன நடுக்கம் அவருகிட்டப் போயிருக்கு. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு, பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு நெனப்பாரு. அவரு கூட்டல் கழித்தல் சொல்லிக்குடுத்த புள்ள நீ. நீ எழுது. அவரையே கலக்கச் சொல்லு, அக்காவுக்கு இனி எந்த மருந்துன்னாலும் மச்சான் கையாலதான்னு எழுது.

இது ஒன் கைக்கு வாரதுக்குள்ள வியாழக்கிழமை போயிருக்கும், இருந்தாலும் வேண்டிக்க.

அக்கா
அடைக்கலமேரி